மஞ்சள்காரியின் விரதம்

ஃபில்டர் பஞ்சைப் பிழிந்த கை இன்னும் பாசி நாற்றம் அடிக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இது உன் கையின் நாற்றம். மீன் தொட்டியைக் கழுவிய கையோடு நீ சோறு போட வந்தால் நான் முகத்தைச் சுளிப்பேன். இப்போது அதே கையால் நானே போட்டுத் தின்கிறேன். சுளிக்க ஆளில்லை.

அலுத்துவிட்டது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ராசா டவுனில் குடியிருக்கும் மகள் போன் போடும்போதெல்லாம் "தொட்டிய யாருக்காச்சும் கொடுத்துட்டு எங்ககூட வந்துருங்கப்பா" என்கிறாள். போன வாரம்தான் சரி என்று தலையாட்டினேன்.

உன் ஃபேக்டரித் தோழி வீடு மாறும்போது இந்தத் தொட்டியை மீனோடு சேர்த்து உன் தலையில் கட்டினாள். வேனிலிருந்து இறங்கும்போதே, "ஆப்பிரிக்கா மீனுங்க, சிக்லிட்னு பேரு" என்றாய், மகளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவளைப் போல.

"அங்கேர்ந்து இந்தத் தோட்டத்துக்கு எதுக்கு வந்துச்சாம்? ரப்பர் பால் வெட்டவா?" என்று கேட்டேன்.

"நம்ம தாத்தாவும் கப்பல்லதான் வந்தாரு. இருந்துட்டுப் போவட்டும்லா."

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமா? நம் குழாய்த் தண்ணீர் அவற்றுக்கு ஆகவில்லை, சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போர்டிக்சன் கடற்கரையில் ஊரே குளித்துக் கும்மாளம் போட, நீ குனிந்த தலை நிமிராமல் சிப்பி ஓடு பொறுக்கினாய். பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவன் அன்றைக்கு உனக்காகச் சிப்பி மூட்டை தூக்கினேன்.

அந்தப் புரட்டாசியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மீன்களில் உனக்குச் செல்லம் மஞ்சள்காரிதான். நாம் கவிச்சியை நிறுத்திய சில நாளில் அவளும் இரையைத் தொடவில்லை. எதைப் போட்டாலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு ஒரு கல்லின் பின்னால் நின்றாள். "புரட்டாசி விரதம் இருக்காங்க" என்று நீ சத்தியம் செய்யாத குறை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள். "மீனே சைவமா மாறிருச்சு, இனிமே நமக்குக் கொழம்புக்கு எது?" என்று நான் கிண்டல் செய்ததற்கு முறைத்தாய்.

மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் நீ போட்ட கூச்சலில் சமையல்கட்டுக்கு ஓடப் பார்த்தேன், எண்ணெய்ச் சட்டிதான் கவிழ்ந்துவிட்டது என்று. நீ தொட்டி முன்னால் நின்றிருந்தாய். மஞ்சள்காரியின் வாயிலிருந்து எள்ளளவு மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் கிட்டே போனதும் பயந்து அத்தனையையும் மறுபடி வாய்க்குள் அள்ளிக்கொண்டாள்.

"ஐயோ, பெத்ததயே திங்குதே!" என்று கத்தினேன்.

"திங்கலங்க, ஒளிச்சு வைக்குது. விரதமும் இல்ல ஒன்னும் இல்ல. வாயில பிள்ளைய வச்சிக்கிட்டு எப்படிங்க சாப்பிடுவா?"

அன்றோடு அது நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. வேலையிடத்தில் எவனோடாவது சண்டை போட்டுவிட்டு வந்து நான் உம்மென்று உட்கார்ந்தால், "என்னா, வாயில பிள்ளையா?" என்பாய். கொட்டிவிடுவேன்.

மருத்துவமனையில் கடைசி நாட்களில் கஞ்சிக் கரண்டியைக் கண்டாலே நீ உதட்டை மூடிக்கொண்டாய். நான் குனிந்து, "வாயில பிள்ளையா?" என்று கேட்டேன். சிரித்தாய். வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்ல வைத்திருந்தாயோ, போய்விட்டாய்.

உன் காரியத்தில் நான் அழவில்லை. மனுசன் தைரியசாலி என்று ஊர் பேசிக்கொண்டது. தைரியம் ஒன்றும் இல்லை. தொண்டையில் வந்தது வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று மம்பா ஊரிலிருந்து மீன் வளர்க்கும் ஒருவர் பீப்பாயோடு வந்தார். ஒவ்வொன்றாக வலையில் பிடித்தவர் பாதியில் நிறுத்தி, "அங்கிள், இந்த மஞ்சளு வாயில வச்சிருக்கு. இப்பப் புடிச்சா பயந்து துப்பிரும்" என்றார். இது நம் பழைய மஞ்சள்காரியின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ. நீ போன பிறகு ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். நான்தான் இரை போடும்போது கவனிக்காமல் இருந்திருக்கிறேன். "அத விட்டுட்டு மத்தத எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் மகள் போன் போட்டாள். "எல்லாம் கொடுத்தாச்சாப்பா? எப்ப வர்றீங்க?" போனைக் காதில் வைத்தபடி காலியான தொட்டியில் மஞ்சள்காரி ஒருத்தி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு உன் குரலை அப்படியே உரித்து வைத்தது போல, "என்னாப்பா, வாயில பிள்ளையா?" என்றாள்.

"அம்மா இல்லாம முடியலம்மா" என்றேன். அதற்கு மேல் அழுகைதான். இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை. அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

இன்று காலை பஞ்சு பிழிந்தது மஞ்சள்காரிக்காக. அவள் வாய் திறந்ததும் கிளம்புகிறேன். ராசா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் மகள் ஒரு சின்னத் தொட்டிக்கு இடம் ஒதுக்கிவிட்டாளாம். போர்டிக்சன் சிப்பியைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது.