மயங்கிக் கிடக்கும் தசை

மார்ச் 3, செவ்வாய்
வீட்டுக்கு வந்தாயிற்று. கால்பந்து நடுவருக்கு மாரடைப்பு என்றால் யார் நம்புவார்கள்? போன புதன்கிழமை பயிற்சி ஓட்டத்தின்போது நெஞ்சைப் பிசைந்தது. அன்றைக்கே அடைப்பை நீக்கி, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்துவிட்டார்கள். ரத்தம் நன்றாக ஓடுகிறதாம். ஆனால் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் முன்பக்கச் சுவர் அசையவே இல்லை. ரத்தம்தான் வந்துவிட்டதே, பிறகென்ன கேடு அதற்கு?

மார்ச் 4
அக்கா என் பூட்ஸைப் பரணில் ஏற்றிவிட்டாள். "நாப்பத்தஞ்சு வயசுல விசில் ஊதினது போதும்டி."


மார்ச் 6
டாக்டரம்மாவைக் கேள்வியால் துளைத்துவிட்டேன். "செத்த தசையும் அசையாது, உசிரோட மயங்கின தசையும் அசையாது. பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார். இதயம் வழக்கமாகக் கொழுப்பைத்தான் அதிகம் எரிக்குமாம். ரத்தம் குறைந்தால் சர்க்கரையை வைத்துச் சமாளிக்கும். ரத்தம் திரும்பிய பிறகும் மயங்கிய தசை சில நாள் பழைய எரிபொருளுக்கு மாற முடியாமல் தடுமாறும். எனக்குள்ளே இப்படி ஒரு கூத்து!
என்னுடையது செத்ததா, மயங்கியதா?

மார்ச் 10
கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இதயத்தை லேசாக உசுப்பும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே எக்கோ எடுத்தார்கள். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். அக்காவும் எட்டிப் பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. மருந்து ஏற ஏற, அந்தச் சுவர் — மெல்ல, சோம்பலாக — உள்பக்கம் வந்தது.
"உசிரு இருக்கு மேடம்" என்றார் எக்கோ எடுத்தவர்.
இதயத்தின் நுனியில் மட்டும் ஒரு துண்டு அசையவில்லை. அது போனது போனதுதான்.
அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "இன்னொரு தடவை காட்டுங்க" என்றேன்.

மார்ச் 11
மருந்தை நிறுத்தியதும் சுவர் மறுபடி படுத்துவிட்டதாம். தானாக எழுந்திருக்க வாரக்கணக்கில் ஆகலாம். எனக்கா பொறுமை?

மார்ச் 24
தெருமுனை வரை நடை. பின்னாலேயே அக்கா. மூச்சு வாங்குது. இது தசையா, பயமா? யார்கிட்ட போய்க் கேக்கறது?

ஏப்ரல் 21
இன்றைய எக்கோவில், உசுப்பும் மருந்து இல்லாமலே சுவர் அசைகிறது! நுனி அப்படியேதான்.
"பெரியவங்க ஆட்டம் வேணாம்" என்றார் டாக்டரம்மா.
"சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துக்குப் பாதி மைதானம்தான் டாக்டர்" என்றாள் அக்கா.
திரும்பிப் பார்த்தேன். இதையெல்லாம் எப்போது விசாரித்தாள்?
"டிரெட்மில்ல ஓடவிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

ஜூன் 7, ஞாயிறு
டிரெட்மில் சோதனையில் தேறியாயிற்று. இன்று பத்து வயதுப் பிள்ளைகள் ஆட்டம். நான் பெனால்டி கொடுத்ததும் கோட்டுக்கு வெளியே ஒரு தகப்பனார், "ரெஃப்ரி, கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கத்தினார். அக்கா அவரோடு சண்டைக்குப் போய்விட்டாள்.
பெனால்டி கொடுத்தது சரிதான்.