நெருக்கிய கண்ணாடி

பங்குனி 4, புதன்

காலையிலேயே வெயில். ஜெயபுரத்து ஆள் ஒருவருக்கு யன்னல் கண்ணாடி வெட்டினேன். "அண்ணை, உடையாதோ?" "நீங்கள் கல்லெறியாட்டி உடையாது." சிரித்தார். மனிசி பவளம் செத்துப் போன பிறகு சனம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கதைக்குது. பகிடி விட்டால் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

வாங்க: தேயிலை, கற்பூரம், சின்ன ஆணி.

பவளத்தின் படத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. செவ்வாய் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். மகள் வந்தால் அவளே போடட்டும்.

பங்குனி 6, வெள்ளி

மகள் ஜேர்மனியில் இருந்து போன் எடுத்தாள். செத்தவீட்டுக்கு வர விசா கிடைக்கவில்லை. இப்ப கிடைத்துவிட்டது, ஆனால் படிக்கிற இடத்து மெஷினில் அவளின் முறை வாற கிழமைதான்.

"நீங்கள் வா எண்டால் வாறன் அப்பா."

வா என்றுதான் வாய்க்குள் இருந்தது. "நீ வந்தால் வடை காணாது பிள்ளை" என்று வெளியே வந்தது.

"அதென்ன அப்பிடி மெஷின்?"

"இரண்டு வைரத்துக்கு நடுவில கண்ணாடித் துணுக்கை வைச்சு நெருக்கிறது. பொட்டிலும் சின்னத் துணுக்கு."

"எங்கட பரந்தன் பஸ் மாதிரியோ?"

"ஓம். உள்ளுக்கு எல்லாம் இடம் மாறி, ஒண்டோடொண்டு நெருங்கும். ஆனா பஸ்ஸால இறங்கின சனம் மாதிரி இல்லை. நெருக்கிறதை விட்டாலும் முழுக்கப் பழையபடி வராது."

"உடைஞ்சு போகுமோ?"

"இல்லையப்பா. பார்க்க அதே கண்ணாடிதான்."

பிறகு எனக்குப் பகிடி வரவில்லை.

பங்குனி 8, ஞாயிறு

படத்துக்குக் கண்ணாடி வெட்டினேன். இரண்டு உடைந்து வீணாய்ப் போச்சு. இத்தனை வருசத் தொழில்! படத்தில் வைக்கப் பொட்டு ஒன்று வேணும். அலுமாரிக் கண்ணாடியில் பவளம் ஒட்டி வைத்தது வரிசையாய்க் கிடக்கு. ஒன்றை நகத்தால் எடுத்தேன். பசை வட்டம் மிச்சம். துடைக்கவில்லை.

பங்குனி 10, செவ்வாய்

தூறல். ஐயர் பிந்தி வந்தார். வடை மிஞ்சிப் போச்சு.

மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பவளத்தின் தங்கச்சி படத்தைப் பார்த்து, "அத்தான், பொட்டைக் கோணலா ஒட்டிப்போட்டியள்."

"தலையைச் சரிச்சுப் பாருங்கோ மச்சாள், நேராத் தெரியும்."

சனம் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

"வா எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அப்பா."

"ஓம்" என்றேன்.

பொட்டு கோணல்தான். பவளம் எப்பவும் கொஞ்சம் இடப்பக்கமாய்த்தான் வைப்பாள். ஒவ்வொரு நாளும் நக்கலடித்து நேராக்கி விட்டது நான். இனி நேராக்க மாட்டேன்.