அறுபது நோட்டுகளில் ஒரு தொட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இல்லை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. முதலில் நலம் சொல்வதுதான் முறை. நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு இங்கே வேலை ஓடாது. அப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து ஒரு மாதமாகிறது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், முக்கியமாக நம் வீட்டுச் சுவரின் அழுக்கு. காலையிலிருந்து ஒவ்வொரு மூலையாக எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். துணி எடுத்துத் துடைக்க மட்டும் முடியாது, டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். போன வாரம் சித்தி வந்து போனாள். அவள் மகளுக்கும் நீ படித்த படிப்பிலேயே இடம் கிடைத்திருக்கிறது, வேறு கல்லூரி. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், "அக்கா, பாப்பாவோட ரெக்கார்டு நோட்டெல்லாம் இருந்தா எடுத்து வையேன், இவளுக்கு ஆகும்" என்று. வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் நோட்டு முடிந்துவிட வேண்டும். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விஷயத்தை நீ பாதிதான் கேட்டாய். வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆண்டுக்கு நில அளவைச் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அதற்குள் அறுபது நோட்டுகளிலும் ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே, இவர் மைதானத்தில் இறங்கி அளந்தார் என்று பயிற்றுநர் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்றுநர் நான். இந்த வருடம் ஒருவர்கூட, ஒரு நாள்கூட மைதானத்தில் இறங்கவில்லை. நீ படிக்கும்போது வாரம் ஆறு மணி நேரம் இருந்தது. அது நாலாகி, இரண்டாகி, இப்போது கணினி அறையில் ஒரு மணி நேரம். திரையில் ஒரு முக்காலி வரும், அதன் மேல் ஒரு கருவி வரும், மட்டம் காட்டும் குமிழி தானாக நடுவில் வந்து நின்றுகொள்ளும். அதை நடுவுக்குக் கொண்டுவரத் திருகாணி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இவர்கள் வெளியே போவார்கள். நிஜக் கருவிகளுக்கு ஒரு குறையும் இல்லை. தரச்சான்றுக் குழு வருகிறது என்று புதிதாக எட்டு வாங்கினார்கள், கண்ணாடி அலமாரியில் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தார்கள், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சாவி துறைத்தலைவரிடம். அவருக்குப் பிள்ளைகள் பவர்பாயிண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தூக்குக்குண்டு. மரியாதையாகத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன், நேராகத் தொங்குவது அது ஒன்றுதானே. கருவிகளை வெளியே எடுக்க வேண்டும் என்று இந்த வருடம் நான்கு முறை எழுதிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மேடம், வெயில்ல முக்காலி தூக்கிட்டுத் திரியறதுக்கா பீஸ் கட்டிப் படிக்க அனுப்பறாங்க? பேரண்ட்ஸ் என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அது பொய் இல்லை, கேட்கத்தான் செய்கிறார்கள். மகள் கறுத்துவிட்டாள் என்று போன வருடம் ஓர் அப்பா கல்லூரி வரை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான் வருகிறார்கள். வெர்னியர் அளவுகோலைப் படம் போட்டுப் பாகம் குறி என்றால் அச்சடித்ததுபோல் குறிக்கிறார்கள். கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். செய்முறைக்கு முழு மதிப்பெண், எல்லாருக்கும். ஆய்வகத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு பெண், "பெஞ்ச் இல்லாத வகுப்பை அங்கதான் வைப்பாங்க மேடம்" என்றாள். டேப்பின் நுனியில் கொக்கி எதற்கு என்று தெரியாது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவரும் கையில் எதையும் கொடுத்ததில்லை, பேனாவைத் தவிர.

நோட்டுகள் போன திங்கட்கிழமை வந்தன. அறுபதும் அழகாக அட்டை போட்டு. முதல் பயிற்சி, கல்லூரி மைதானத்தைச் சங்கிலி போட்டு அளந்து வரைபடம். முதல் நோட்டில், சங்கிலி போட்ட கோட்டுக்கு இடப்பக்கம் நாலு மீட்டர் எண்பதில் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவதிலும் அதே நாலு எண்பது. அறுபதிலும். அந்தத் தொட்டியை இடித்து ஆறு வருடமாகிறது. இப்போது அங்கே வண்டி நிறுத்துகிறார்கள், இந்தப் பிள்ளைகளே தினமும் தங்கள் வண்டியை அங்கேதான் நிறுத்துகிறார்கள். கடைசி வரிசையில் உயரமான ஒருத்தியை அழைத்துக்கொண்டு போய், அந்தத் தொட்டியைக் காட்டம்மா என்றேன். சுற்றிப் பார்த்தாள். கேண்டீன் வாசலில் இருக்கும் குடிநீர் மெஷினைக் காட்டி, "அதுவா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நோட்டுல இருக்குன்னா எங்கயாவது இருக்கும் மேடம்" என்றாள். கேலி இல்லை, பாப்பா. எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இதையெல்லாம் நான் ஆறு வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்கு என்ன புதிதாக என்று அப்பாவும் கேட்டார். "இத்தனை வருஷம் போட்ட கை, இன்னும் எட்டு மாசம் போட்டா தேஞ்சிடுமா?" என்றார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறார். அறுபது பிள்ளைகளின் வருடம் வீணாகுமே என்றார். நீயும் அதைத்தான் சொன்னாய். ஆனால் உன் குரலில் அறுபது பேர் இல்லை. "நீ ஆரம்பிச்சா அது எங்க வந்து நிக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டாய். தெரியும். அதனால்தான் இவ்வளவு நாள் போட்டேன்.

சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய், அதிலிருந்து விழும் ஒரு சொட்டு. நில அளவை வரைபடத்தில் சொட்டுக்கு வேலை இல்லை. அறுபது நோட்டுகளிலும் அந்தச் சொட்டு இருக்கிறது. சிலர் அளவுகோல் வைத்து வரைந்திருக்கிறார்கள். சித்திக்காகப் பரணில் தேடியபோது உன் நோட்டு கிடைத்தது, பிரித்துப் பார்த்தேன். அந்தச் சொட்டு உன்னுடையது. பள்ளி விட்டு வந்து, எனக்கு வேலை முடியும் வரை நீ அந்தக் குழாயடியில்தான் விளையாடுவாய். அதன் மூடி சரியாக மூடாது. சொட்டை மட்டும் நினைவிலிருந்து வரைந்திருக்கிறாய். அளக்கவில்லை. உன் இரண்டாம் ஆண்டில் மைதான வகுப்பு இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. மற்றவர்கள் வெயிலில் நின்றார்கள். வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நான்கு வாரம் நீ ஏசி ஹாலில் இருந்தாய், நேர்முகத் தேர்வில் எப்படிக் கை குலுக்குவது என்று கற்றுக்கொண்டாய். பிறகு ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூத்த வகுப்புப் பெண்ணின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினாய். நான் ஐந்தடி தூரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தொட்டியை இடித்து அப்போது இரண்டு மாதம். இடிக்கும்போது நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மறுநாள் உன் நோட்டு என் மேசைக்கு வந்தது, தொட்டியோடு, சொட்டோடு. போட்டேன். உன் எழுத்து அழகு, பயிற்றுநரின் மகள் வேறு. அடுத்த வகுப்பு உன் நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுத்தது. அதற்கு அடுத்த வகுப்பு அந்த ஜெராக்ஸை. ஒரு முறை நான் ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன், இதை நீ அளந்தாயா என்று. அவள் குரலை உயர்த்தவில்லை, "இதுக்கு நீங்க முன்னாடியே போட்டிருக்கீங்களே மேடம்" என்றாள். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. பவர்பாயிண்ட் மைதானத்தை மூடினார் என்று நான் உன்னிடம் திட்டிய நாட்களில் எல்லாம் எனக்கு இது தெரியும். அவர் பூட்டினார், பூட்டலாம் என்று அவருக்குக் காட்டியது நான்.

இப்போது உன் விஷயம். வேலையில் சேர்ந்து நாலு வருடம் திரை முன்னால் உட்கார்ந்து வரைந்தாய், இந்த வருடம்தான் முதல்முறையாக வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு மட்டம் பார்க்கச் சொன்னார்கள். நாற்பது மீட்டர் குழாய் புதைத்து மண் மூடிய பிறகு தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பி வந்தது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். சிரிப்பு நடுவில் உடைந்தது. குழாய் பதிக்கிற பெரியவர் எல்லார் முன்னாலும், "தண்ணிக்கு உங்க டிகிரி தெரியாதும்மா, அது பள்ளத்தைத்தான் பாக்கும்" என்றார் என்றாய். என்ன செய்தாய் என்று நான் கேட்கவே இல்லை, எனக்குத் தெரியும். கீழிருந்து மேலாக எண் போட்ட கோலில் பெரிய எண் வந்த இடத்தை மேடு என்று எடுத்திருப்பாய். கருவி ஓரிடத்தில் நிற்கிறது, கோல் பள்ளத்தில் இறங்கினால் கோலின் மேல்பகுதிதான் கண்ணுக்கு நேராக வரும், அதனால் எண் பெரிதாகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கோலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். காகிதத்தில் கற்றவர்கள்தான் செய்வார்கள். அந்தக் குழாயைத் தோண்டி எடுத்தவர்கள் யார் என்று நீ சொல்லவில்லை. நீ இல்லை என்பது மட்டும் தெரியும். அந்த வீடுகளில் இரண்டு நாள் கழிவறையில் நின்ற தண்ணீரை யாரோ ஒரு பெண் வாளியால் அள்ளியிருப்பாள். அவளுக்கு என் கையெழுத்து தெரியாது.

அதனால் போட மாட்டேன். முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த அறுபது நோட்டுகளும் அளக்காமல் எழுதியவை, இதில் பிள்ளைகளின் பிழை குறைவு, ஆறு வருடத்துக்கு முன் இப்படிப்பட்ட முதல் நோட்டில் தெரிந்தே கையெழுத்துப் போட்டது நான், தேர்வை மூன்று வாரம் தள்ளிக் கருவிகளைக் கொடுத்தால் அறுபது பேரையும் மைதானத்தில் இறக்கி அளக்கவைத்துவிட்டுப் போடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது போடட்டும். இவ்வளவுதான். உன் பெயரை எழுதவில்லை. ஆனால் அந்த வருடம் இங்கே படித்த பயிற்றுநரின் மகள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. யாராவது உன்னைக் கேட்டால் உண்மையைச் சொல். கேட்காவிட்டால் உன் இஷ்டம். மூன்று வாரம் தருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என்னைத் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டும் வேலைக்கு மாற்றிவிட்டு, கணினி அறைப் பெண்ணைப் போடச் சொல்வார்கள். அவளுக்கு வேலை உறுதியாகவில்லை, போடுவாள். பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள். அந்த உயரமான பெண் என்ன நினைப்பாள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது, வேறு யாரும் இல்லை.

உன் நோட்டை இதோடு அனுப்புகிறேன். சித்திக்குக் கொடுக்க மாட்டேன், கல்லூரிக்கும் கொடுக்க மாட்டேன். என் கையெழுத்து இருக்கும் இடமெல்லாம் குறுக்கே கோடு போட்டு இன்றைய தேதி எழுதியிருக்கிறேன். உன் பெயரையும் சொட்டையும் தொடவில்லை. நீ என்னிடம் பேசாமல் இருந்தால் புரிந்துகொள்வேன், ஆனால் அப்பாவிடம் பேசு, போன் சத்தம் கேட்டால் சுவரை விட்டுவிட்டு ஓடி வருகிறார்.

வேளைக்குச் சாப்பிடு. வேலை நடக்கும் இடத்தில் தொப்பி இல்லாமல் நிற்காதே, அங்கே வெயில் எப்படி என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழாய்ப் பெரியவரிடம் வீம்பு வேண்டாம். கருவியை எடுத்துக்கொண்டு போய், "நான் பாக்கறேன், நீங்க கோல் பிடிங்க" என்று சொல்லாதே. கோலை நீ பிடி, அவர் பார்க்கட்டும். முதலில் அதுதான். நீ எந்தக் குறையும் இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், நான் கேட்பது அது ஒன்றுதான். மறக்காதே, எண் பெரிதானால் தரை பள்ளம். ஆறு வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா

பி.கு. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு முதல்வர் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அறுபது நோட்டுகளையும் கையெழுத்தில்லாமல் கட்டி, துறைத்தலைவர் மேசையில் வைத்தேன். பிறகு ஸ்டோரில் கிடந்த பழைய டேப்பை எடுத்துக்கொண்டு, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் அளந்தேன். தொட்டியின் அடித்தளத் தடம் தரையில் இன்னும் தெரிகிறது, கோட்டிலிருந்து நாலு எண்பது இல்லை, ஆறு மீட்டர் பத்து.