இரண்டு காதுப் பானை

ஹேகுட் தீவு, தென் கரோலினா
மார்ச் 4, 2019

லர்லீனுக்கு,

எங்கள் அடக்கச் சங்கத்துப் பானையை உன் காட்சியகம் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறது. சாவு விழுந்தால் சோறாக்குவதற்கான பானை அது. அதை வேடிக்கைப் பொருளாக்கியது தவறு. நீ அங்கே வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்யவிட்டது அதைவிடப் பெரிய தவறு.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

போன செவ்வாய்க்கிழமை சார்ல்ஸ்டனுக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க அல்ல, பானையைப் பார்க்க. நீ கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று. கண்ணாடிக் கதவில் கை வைத்தேன். டெல்ராய் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த காவல்காரன் ஓடிவந்தான்.

“ஐயா, கைய எடுங்க. தொடக்கூடாது.”

“தம்பி, இந்தப் பானையத் தூக்கித் தூக்கி எட்டு தடவ கை வெந்தவன் நான்.”

“அப்ப ஒம்பதாவது தடவ வேகாம பாத்துக்கறதுதான் ஐயா என் வேலை.”

வாய்க்காரன். ஆனால் தப்பு அவன் மேல் இல்லை.

பக்கத்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘துக்க நாட்களில் சோறாக்கப் பயன்பட்டது, 1990 வரை.’ 1990-ஆ! இரண்டு வருஷத்துக்கு முன்னால்கூட அதில் நூற்றிருபது பேருக்குத் தக்காளி போட்டுச் சிவப்புச் சோறு ஆக்கியிருக்கிறோம். போதாததற்குப் பானை பளபளவென்று மின்னுகிறது. மெழுகு பூசிவிட்டீர்கள். நூறு வருஷமாக நெருப்பிலும் கொழுப்பிலும் பழக்கிய இரும்புக்கு மெழுகு! வெளியே வந்தால் உங்கள் உணவகத்தில் அதே சிவப்புச் சோற்றை உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில் வைத்து, மேலே ஓர் இலையைச் செருகி விற்கிறார்கள். அந்த இலை எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். இசடெல் அம்மா படுத்துவிட்டாள். தொண்ணூற்றேழு வயது. ஐம்பது வருஷமாக ஒவ்வொரு அடக்கத்துக்கும் அந்தப் பானையில் ஆக்கிப் போட்டவள். அவள் அடக்கத்துக்கு அந்தப் பானை வேண்டும். சங்கத் தலைவன் என்ற முறையில் எழுத்திலேயே கேட்கிறேன். திருப்பித் தரச் சொல்.

சீஃபஸ் மசீக்


சார்ல்ஸ்டன்
மார்ச் 9, 2019

அன்புள்ள சீஃபஸ்,

கடிதம் வந்தது. நான் தீவை விட்டு வந்த பதினொரு வருஷத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட எழுதாத மனிதன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் திட்டி. ஸ்தோத்திரம், அதையாவது எழுதினாயே. நான் நலம். முழங்கால்தான் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

அட்டையில் உள்ள வருஷம் பிழைதான். திருத்தச் சொல்லிவிட்டேன். இலை எதற்கென்று எனக்கும் தெரியாது.

ஆனால் நாங்கள் பறித்துக்கொண்டு வந்தது போன்ற பேச்சு மட்டும் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் புயலில் உன் கொட்டகை அடித்துக்கொண்டு போனது. பானை சதுப்பில் கவிழ்ந்து கிடந்து, நண்டு குடியிருந்தது. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது நீதான். “இன்னொரு தண்ணி வந்தா இது கடலுக்குப் போயிரும் லர்லீன், எங்கயாவது பத்திரமா வை” என்று சொன்னதும் நீதான். இந்தக் காட்சியகத்தில் இருக்கிற முக்கால்வாசிப் பொருள் அப்படி வந்ததுதான். யாரோ ஒருவருடைய கொட்டகை போய்விட்டது. எங்களிடம் கூரை இருந்தது.

பிறகு இன்னொரு நாள் இங்கே வந்து ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாய். நான்கு பக்கம். உன் பிரதி வேதாகமத்துக்கு அடியில்தான் இருக்கும். எல்லாவற்றையும் அங்கேதான் வைப்பாய். அதை எடுத்துப் படி. கடைசிப் பக்கம் வரை படி. நான் சொல்வதைவிட நீயே படித்தால்தான் நம்புவாய்.

இசடெல் அம்மாவுக்கு என் முத்தம். அவள் என்னைப் பற்றிக் கேட்டால் நானும் அவளை விசாரித்ததாகச் சொல்.

லர்லீன்


ஹேகுட் தீவு
மார்ச் 15, 2019

லர்லீனுக்கு,

எது என்னுடையது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்திரம் படிக்கத் தேவையில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாதவன் என்று உனக்குத் தெரியும். இறால் படகில் உட்கார்ந்து, பஞ்சாங்கத்தையும் வேதாகமத்தையும் வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிக் கற்றேன். அதனால் யார் பத்திரம் நீட்டினாலும் எனக்குக் கோபம் வருகிறது. இவனுக்குப் படிக்கத் தெரியுமா என்று பார்ப்பது போல இருக்கிறது. நீயும் அன்றைக்கு அப்படித்தான் பார்த்தாய்.

இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு சாவு. இரண்டுக்கும் அலுமினியப் பாத்திரத்தில் ஆக்கினோம். முதல் தடவை அடிப்பிடித்தது. இரண்டாம் தடவை மேலே கஞ்சி, அடியில் கரி. நம் சங்கத்து ஜெருஷாவின் மருமகன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, செத்தவரே எழுந்து இதச் சாப்பிட மாட்டேன்னு சொல்லுவார்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாமே என்று போதகர் சொன்னார். கெஞ்ச மாட்டேன் என்றேன்.

நேற்று இசடெல் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கண் திறக்காமலே பேசினாள்.

“டேய் சீஃபஸ், எனக்கு என்னத்துலடா ஆக்கப் போற?”

“பானையிலதான் அம்மா.”

“பொய் சொல்லாத. பானை பட்டணத்துல உக்காந்திருக்கு. உன் பொண்டாட்டியும் அங்கதான் உக்காந்திருக்கா. ரெண்டையும் கூட்டிட்டு வர்றதுக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க உனக்கு வலிக்குது. அந்தத் தகரத்துல மட்டும் எனக்கு ஆக்கின, நான் எழுந்து வந்து கரண்டியப் புடுங்கிருவேன்.”

இதை எழுத எனக்கு ஆசையில்லை. அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

இன்னொன்று. பானையை ஒற்றை ஆள் தூக்கக்கூடாது, இரண்டு காதையும் இரண்டு உறுப்பினர் பிடிக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். இடது காது எப்போதும் நான். நீ போனதிலிருந்து வலது காதுக்குச் சரியான ஆள் அமையவே இல்லை. ஜெருஷா அவசரக்காரி. அவள் மருமகன் குட்டை. அவன் பக்கம் சாய்ந்து கால்வாசிச் சோறு மண்ணில் கொட்டியது. இதற்கும் நீதான் காரணம்.

பானையை அனுப்பு.

சீஃபஸ் மசீக்


சார்ல்ஸ்டன்
மார்ச் 23, 2019

சீஃபஸ்,

வியாழக்கிழமை காலையில் இசடெல் அம்மா போய்விட்டாள் என்று ஜெருஷா தொலைபேசியில் சொன்னாள். உன்னையும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். அவள் எனக்கும் அம்மாதான். கல்யாணத்தன்று என் கையில் கரண்டியைக் கொடுத்து, “இவன் பேச்ச நம்பாத, இவன் பசிய நம்பு” என்றவள்.

இனி உன்னிடம் பொறுமையாக இருக்க என்னால் ஆகாது. பத்திரத்தின் நான்காம் பக்கத்தை நானே எழுதுகிறேன். இது நான் சேர்த்த வாசகம். காட்சியகம் இதற்கு ஒப்புக்கொள்ள மூன்று கூட்டத்தில் சண்டை போட்டேன்:

‘மேற்படி சங்கத்தின் உறுப்பினர் எவர் இறந்தாலும், சங்கத் தலைவர் எழுத்தில் கேட்ட உடனே பானை தீவுக்கு அனுப்பப்பட வேண்டும். அதில் சோறாக்கி, எல்லாரும் உண்டபின் திரும்பி வந்தால் போதும். இதைத் தடுக்கக் காட்சியகத்துக்கு உரிமை இல்லை.’

எழுத்தில் ஒரு வரி, சீஃபஸ். ஒரே ஒரு வரி. இரண்டு சாவுக்கும் நான் பானையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்க வைத்து, துடைத்து, காட்சியகத்தின் பின்கதவருகே வைத்துவிட்டு, உன் கடிதத்தோடு வரும் தபால்காரனுக்காகக் காத்திருந்தேன். நீ அலுமினியத்தில் ஆக்கினாய். நானே அனுப்பியிருந்தால் வாங்கியிருப்பாயா? வாசலோடு திருப்பியிருப்பாய்.

கையெழுத்துப் போட வந்த அன்று நீ மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாய். “படிச்சுக் காட்டட்டுமா?” என்றேன். “எனக்குப் படிக்கத் தெரியும்” என்று சொல்லி, நான்கு பக்கத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். உனக்குப் படிக்கத் தெரியுமா என்று நான் என்றைக்கும் பார்த்ததில்லை. உன் கண்ணைத்தான் பார்த்தேன்.

அது மெழுகும் இல்லை. மாதம் பிறந்தால் நானே பன்றிக் கொழுப்பை உருக்கித் தேய்க்கிறேன், இசடெல் அம்மா சொல்லித் தந்தபடி. என்னோடு வேலை செய்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

உன் முதல் கடிதத்தையே விண்ணப்பமாகக் காட்சியகக் குழுவில் வைத்தேன். இலை வரைக்கும் உரக்கப் படித்தார்கள். இலையை எடுத்துவிடுவதென்றும் முடிவாயிற்று.

என்றைக்கு அடக்கம், எத்தனை மணிக்குப் பானை வேண்டும் என்று எழுது. திட்டாமல் எழுத முடிந்தால் நல்லது.

லர்லீன்


ஹேகுட் தீவு
மார்ச் 26, 2019

லர்லீனுக்கு,

பத்திரம் வேதாகமத்துக்கு அடியில்தான் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கமும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘மசீக்’ என்ற எங்கள் பெயரில் ஓரெழுத்து விட்டுப்போயிருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

அடக்கம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. செய்ய வேண்டியவை:

கருவாலி விறகு நான் வெட்டி அடுக்கியாயிற்று. கூடுதல் விறகுக்குப் போதகர் பொறுப்பு. பிரசங்கத்தைச் சுருக்கினால் அவருக்கு நேரம் இருக்கும்.

அரிசி களைவதும் தக்காளி வதக்குவதும் ஜெருஷா. அவசரப்படக்கூடாது.

அவள் மருமகன் நாற்காலி போடட்டும். பானைப் பக்கம் வரக்கூடாது.

பானை காலை ஆறு மணிக்குள் தீவுக்கு வந்துவிட வேண்டும். அந்தக் காவல்காரன் டெல்ராயே கொண்டுவரட்டும். இங்கே எதையும் தொடலாம் என்று அவனிடம் சொல். முதல் தட்டு அவனுக்கு.

சங்கத்தார் எல்லாரும் கூடியபின் பத்திரத்தை உரக்கப் படிக்க வேண்டும், நான்கு பக்கமும். படிப்பவன் நான். தடுமாறும் இடத்தில் எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நீ.

இசடெல் அம்மாவின் கரண்டி ஜெருஷாவிடம் இருக்கிறது. யார் கையில் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள். அது நீ.

வண்டியிலிருந்து அடுப்புக்குத் தூக்குவது: இடது காது நான். வலது காது நீ. முழங்கால் வலித்தால் மெதுவாகப் போவோம். கைத்துணி இரண்டு நானே கொண்டுவருகிறேன்.

சீஃபஸ்