கோடு போடாத நாள்

இன்று மறுபடி உங்கள் அளவு நோட்டைப் பிரித்தேன். இத்தனை வருஷம் இரும்புப் பெட்டியில் கிடந்தும் ஆற்றுச் சேற்று வாடை குப்பென்று அடிக்கிறது, நேற்றுத்தான் கரையிலிருந்து கொண்டுவந்ததுபோல.

ஆற்றுத் தண்ணீரைத் தினமும் அளந்து எழுதுவதுதானே உங்கள் வேலை. நம் பேத்திக்கும் தண்ணீர் வேலைதான். துணைக்கோளம் வானத்திலிருந்து எடுத்த படங்களையும் பழைய மழைக் கணக்குகளையும் கொடுத்து, ஆறு எவ்வளவு ஏறும் என்று சொல்ல ஏஐ-யைப் பழக்குகிறாள். நம் காஜா பெராங் வட்டாரத்தில் வேறு யார் பேத்தி இதைச் செய்கிறாள், சொல்லுங்கள்! உங்கள் நோட்டையும் அதற்குக் கொடுத்தாள். நேற்று ஒரே ஒரு வரி திரையில் சிவப்பாக நின்றது.

“பாட்டி, தாத்தா இந்த ஒரு நாள் தண்ணியப் பார்க்காமலே எழுதிட்டாரு லா. முந்தின நாள் அளவையே போட்டிருக்காரு.”

அது மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரக் கொண்டாட்ட நாள். நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். “அளவுக்கட்டையப் பார்த்துட்டு எழுது. பார்க்கலன்னா கோடு போடு. சும்மா எழுதாதே” என்று நோட்டை என்னிடம் தந்தீர்கள். அஞ்சாம் வகுப்பு படித்தவள் நான், எனக்கா எழுதத் தெரியாது? ஆற்றுக்குப் போகாமல் பண்டார் ஹிலிர் திடலுக்குக் கொண்டாட்டம் பார்க்கப் போனேன். வீடு திரும்பி, நாலடி ரெண்டங்குலம் என்று உங்கள் எழுத்து மாதிரியே எழுதினேன்.

“பார்த்தியா?” என்றீர்கள்.

“பார்த்தேங்க.”

கண்ணை மூடிக்கொண்டு, “ஏழடி மூணங்குலம்” என்று முனகினீர்கள். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தேன். வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

பேத்தி முன்னால் உங்கள் பெயர் கெடலாமா? “அது நான் எழுதினது கண்ணு. தாத்தா ஒரு நாளும் பொய் எழுதல” என்று சொல்லிவிட்டேன்.

“இத்தன வருஷம் கழிச்சு மாட்டிக்கிட்டீங்களா பாட்டி!” என்று சிரித்தாள். பிறகு திரையில் இருந்ததை அடிக்கணக்கில் மாற்றிப் படித்தாள். “அன்னிக்கு ஏழடி மூணங்குலம் இருந்திருக்கும்னு சொல்லுது.”

அந்த அளவை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் எங்கும் எழுதவில்லை.

காய்ச்சலோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறீர்கள். நான் போகவில்லை என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கப்புறம் எத்தனை வருஷம் என்னோடு இருந்தீர்கள்! ஒரு எண் கோணினாலும் சிவப்பு மையால் அடிக்கும் மனிதர், என் வரியை மட்டும் தொடவே இல்லை.

கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் கோடு போடச் சொல்லிவிட்டேன். நோட்டில் இருப்பது நீங்கள் விட்டுவைத்தது, அது அப்படியே இருக்கட்டும்.

இன்று காலை நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

பார்த்தேங்க.