கையில் சீசன் இருந்தும்

இன்றைக்கு வீட்டில் இறால். பேத்திக்குப் பிடிக்கும் என்று நானே வாங்கி உரித்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலை விட்டு அந்த வாடை போகவில்லை. அந்த வாடையோடுதான் நீ வருவாய். ராயபுரத்து ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் கை விறைக்க உரித்துவிட்டு, ரயிலேறி, ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்துக்கொண்டே வருவாயே, அந்த நீ.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இன்று உன் பேச்சை எடுக்கவேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பேத்தி என்றால் என் மகன் பெற்ற திவ்யா. நீ இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஜப்பானுக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறாள். கூட வருவதாக இருந்த ஆபீஸ் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். விமான டிக்கெட், விசா எல்லாம் எடுத்தாகிவிட்டது. இனிமேல் இவள் தனியாகத்தான் போகவேண்டும்.

அங்கே ரயிலுக்கு ஒரு பாஸ் உண்டாம். ஒரு தடவை வாங்கிவிட்டால் ஒரு வாரத்துக்கு எந்த ஊரிலும் ஏறலாம், எந்த ஊரிலும் இறங்கலாம். காலையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறாள்.

"ரெண்டே ஊருன்னா தனித்தனி டிக்கெட்தான் லாபம் ஆயா. பாஸ் எடுத்தா நெறைய ஊருக்குப் போவணும். இல்லன்னா நஷ்டம்."

"போவ வேண்டியதுதான?"

"தனியாவா?"

அவள் கணக்கில் தப்பில்லை. ஆனால் போன வாரம் வரைக்கும் வாயில் நுழையாத ஊர்ப் பேரையெல்லாம் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது ஒவ்வொரு ஊராக அடித்துக்கொண்டே வருகிறாள். மருமகளுக்கு அதில் நிம்மதி. "ஒரே எடத்துல இருந்துட்டு வாடி, எதுக்கு அலைச்சல்" என்று அடுப்படியிலிருந்து குரல் வேறு.

அப்போதுதான் நம் கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

நமக்கும் பாஸ் இருந்ததே. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் மாச சீசன். இறால் ஷெட் வேலை நிலைக்குமோ நிலைக்காதோ என்று நான் தினம் தினம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன். நீதான் கையைப் பிடித்து இழுத்துப்போய் எடுக்கவைத்தாய். கார்டில் ஒட்டின என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இன்னாமே இப்டி மொறச்சிகினு கீறே, செக்கரு உன்கிட்ட டிக்கெட் கேக்கவே பயந்துடுவான்" என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னாய்.

லோடு குறைந்த நாளில் ஷெட்டில் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். வீட்டில் வழக்கமான நேரத்துக்குத்தான் எதிர்பார்ப்பார்கள். நடுவில் கிடைத்த நேரம் நம்முடையது. வண்ணாரப்பேட்டையில் வண்டி நின்றால் எழுந்துவிடுவாய். "குந்திகினு கீறியே, சீசன் கீதுல்ல, எறங்கு." வாங்கப்போகாத புடவைகளை விரித்துப் பார்த்துக் கடைக்காரனிடம் திட்டு வாங்குவோம். கொருக்குப்பேட்டையில் படிக்கட்டுப் பாலத்தின் மேல் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவோம். நீ பாதியில் விட்டுவிடுவாய், நான் விடமாட்டேன். தண்டையார்பேட்டையில் பார்க்க ஒன்றுமே இல்லை. அங்கேயும் இறங்கினோம். "ஒன்னும் இல்லன்றது எறங்கினாதான தெரியும்" என்றாய்.

பிறகு உனக்கு ஆற்றுப் பாலத்து ஆசை வந்தது. எண்ணூரைத் தாண்டினால் ஆற்றின் மேல் ரயில் போகும், இரண்டு பக்கமும் தண்ணீர்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நம் சீசன் திருவொற்றியூரோடு சரி. அதை நான் சொல்லியும் நீ கேட்கவில்லை. "தெனம் ஏறி எறங்கறோம், நம்ம மூஞ்சி அவனுங்களுக்குத் தெரியும். எவன் கேப்பான்?" என்றாய். நானும் நம்பினேன்.

பாலம் வந்தது. நீ வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தண்ணீர், அதில் வலை வீசுகிற ஒரு ஆள், தூரத்தில் புகைபோக்கிகள். பாலம் முடிகிற வரைக்கும் நீ வாயே திறக்கவில்லை. நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அத்திப்பட்டில் இறங்கினதும் செக்கர் பிடித்தார். அவருக்கு நம் மூஞ்சி தெரியவில்லை.

அபராதம் கட்டக் கையில் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனைக் கடைக்குப் போன் செய்து சொல்லியனுப்ப, என் வீட்டுக்காரரோடு மாமியாரும் கிளம்பி வந்தாள். நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. "சீசன் வெச்சிகினு சுத்தறவளுக்கு வூடு எதுக்கு? ரயிலுலயே குடித்தனம் பண்ணு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அவள் பேசினதையும் நான் மன்னிக்கவில்லை, அவர் தரையைப் பார்த்ததையும் மன்னிக்கவில்லை.

என் சீசன் அதோடு போயிற்று, ஷெட்டும் போயிற்று. திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை வீட்டு வாசலிலேயே, மாமியாரின் கண் எட்டும் தூரத்தில், இட்லிக் கடை போட்டேன். நீ காலையில் அந்த வழியாகத்தான் ரயிலுக்குப் போவாய். இட்லி கட்டிக் கொடுப்பேன். சாயங்காலம் தண்ணி லாரி வந்தால் குடத்தோடு நின்று எல்லாம் பேசுவோம். ஒன்றை மட்டும் நான் கேட்டதில்லை, இன்றைக்கு எங்கே இறங்கினாய் என்று. கேட்டால் நீ சொல்லுவாய், எனக்கு வயிறு எரியும். நீயும் சொன்னதில்லை. நான் நொந்துபோவேன் என்று மறைக்கிறாய் என நினைத்து, அதற்கும் சேர்த்து உன்மேல் கோபப்பட்டேன்.

உன் காரியத்தன்று பந்தியில் உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக அடக்கிவைத்ததை அவளிடம் கேட்டுவிட்டேன்.

"உங்கம்மா ஷெட்டு வுட்டு லேட்டாதான வரும்? வழியில எங்கனா எறங்கிட்டு?"

"அம்மாவா? அது எங்கயும் எறங்காது பெரிம்மா. ஷெட்டு சீக்கிரம் வுட்டா சீக்கிரமே வூட்ல வந்து நிக்கும். அந்தக் காலத்துல உங்ககூட சுத்தினதோட சரி. ஒத்தையில இன்னாத்த எறங்கறதுன்னு சொல்லும்."

இலையில் பாயசம் ஊற்ற வந்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இந்தப் பின்பாதியை நான் திவ்யாவிடம் சொல்லவில்லை. இறங்கினதையும் பிடிபட்டதையும்தான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீ நின்னுட்டதுக்கு அப்புறம் அந்த ஆயா தனியா எறங்குச்சா?"

அடுப்படியில் மருமகளின் கரண்டிச் சத்தம் நின்றது.

"எறங்குச்சு" என்றேன். "எல்லா ஸ்டேஷன்லயும் எறங்குச்சு. வந்து வந்து என்கிட்ட சொல்லும்."

"பயமா இல்லையாமா?"

"மொத நாளு இருந்துச்சாம்."

தரையில் கிடந்த போனை எடுத்து ஏதேதோ தட்டினாள். "வாங்கிட்டேன் ஆயா. நஷ்டமானா ஆவட்டும்" என்றாள். மருமகள் இன்னும் இரண்டு நாளைக்கு என்னோடு பேசமாட்டாள்.

உன் பேரில் பொய் சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது கோபம். மாமியார்மேல் உள்ளது பழைய கோபம், ஆறிப்போய்க் கிடக்கிறது. உன்மேல் உள்ளது புதுசு. சாயங்கால வண்டி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மாவைக் கரைத்துக்கொண்டே, இப்போது புடவைக் கடையில் நிற்பாய், இப்போது பாலத்துப் படியேறுவாய் என்று உன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேனே. என்னை வீட்டில் உட்காரவைத்தார்கள். உன்னை யாருமே உட்காரவைக்கவில்லையே, நீ ஏண்டி எறங்கல? இறங்கியிருந்தால் நான் இன்றைக்கும் வயிறெரிந்துகொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.