குதிகால் களிம்பு

1997, ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள்

கலாவின் குதிகால் வெடிப்பில் இன்று ரத்தம் கசிந்திருந்தது. பேசினில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு அவள்முன் வைத்தேன். மருந்துக்கடையில் வாங்கிய களிம்பையும் வைத்தேன்.

"தெனமும் படுக்கறதுக்கு முன்னாடி கால ஊறவெச்சி, தொடச்சிட்டு இதத் தடவு. அவ்ளோதான்."

பேசினைத் தள்ளி வைத்தாள். "தோலு மெத்துன்னு ஆயிட்டா அடுத்த கிரிவலத்துக்கு எப்டிங்க நடப்பேன்? இப்பதான் கல்லு குத்தறது கம்மியாயிருக்கு."

"செருப்பு போட்டுக்கிட்டு நட."

"வேண்டிக்கிட்டு செருப்பா? நல்லா சொன்னீங்க போங்க."

அவள் வேண்டுதலே புருஷனான எனக்காகத்தான். வேலூரில் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது வேண்டிக்கொண்டாள். நான் நன்றாக இருக்கும்வரை பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக. இத்தனை வருஷம் என்று ஓர் எல்லை வைத்திருக்கக் கூடாதா? கேட்டால், "உங்க உசுருக்கு நான் கணக்கு போடணுமா?" என்கிறாள்.

வெந்நீர் வீணாகிறதே என்று, படுக்கப் போகும்போது என்னைக் கால் வைக்கச் சொன்னாள். வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இதமாக இருக்கிறது. நெஞ்சில் வலி எதுவும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.